நாலடி பத்தும் என் கட்டைவிரலும்

ஒரு பையனை நான் கண் இமைக்கும் நேரத்தில் அரை அங்குலம் உயரமாக்கியிருக்கிறேன். பாலோ முட்டையோ மருந்தோ கொடுக்கவில்லை. அளவுகோலின் குறுக்குக்கட்டைக்கும் அவன் தலைக்கும் நடுவில் என் வலது கட்டைவிரலைப் படுக்க வைத்தேன், அவ்வளவுதான். அவன் பெயர் சண்முகம். என் பள்ளி மாணவன். எங்கள் பூப்பந்து அணியிலேயே சிறந்த ஆட்டக்காரன். அந்த அரை அங்குலத்தால் அவன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டான். ஆறாவது ஆளாக வெளியே உட்கார்ந்திருந்த பையன் அவன் இடத்துக்கு வந்தான். அந்த ஆறாவது ஆள் என் மகன் ரவி.

சொல்ல வேண்டியவர்களிடம் இதை அப்போதே சொல்லிவிட்டேன். எழுதுவதற்குக் காரணம் வேறு. அடையாறில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். இப்போதெல்லாம் பிள்ளைகளின் வயதைக் கண்டுபிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறார்களாம். அப்படியும் சில அப்பாக்கள் விடுவதில்லையாம். அண்ணனுக்குப் பதில் தம்பியை அழைத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்து வருகிறார்களாம். "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது, இல்ல சார்?" என்றாள். எங்கள் காலத்தை யாரும் அப்படிக் குறைவாக எடைபோடக் கூடாது.

நான் பொருளாதாரம் படித்தவன். பி.ஏ. முடித்து வேலை தேடி அலைந்து, கடைசியில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து தண்டால் எடுத்து, அறுபதுகளின் பிற்பாதியில் மயிலாப்பூரில் ஒரு பையன்கள் பள்ளிக்கு டிரில் மாஸ்டராக வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வேலை கற்றுக்கொண்டதெல்லாம் ஞானமுத்து சாரிடம்தான்.

அவர் எங்கள் தலைமை உடற்பயிற்சி ஆசிரியர். பெரிய உருவம், சின்னக் குரல். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. எந்தப் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும், "நியாயமான பேச்சு சார். வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்" என்பார். மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பிப்பார். வேகமான நடை. வெயில் வேறு. முதல் சுற்றில், வந்தவர் தன் பிள்ளைக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லுவார். இரண்டாவது சுற்றில் பொதுவாக நாட்டில் நீதி குறைந்துவருவதைச் சொல்லுவார். மூன்றாவது சுற்றில், "இங்க குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்பார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவைப்பார் சார்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதி என்பது, பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டரும் அப்பாவும் கலந்து பேசி முடிவு செய்த தேதி. அதை நம்பி யாரும் பந்தயம் நடத்த முடியாது. அதனால் சின்னப் பையன்கள் போட்டிகளை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். மயிலாப்பூரில் ஒரு கழகம் தீபாவளிக்கு முன்பு ஒரு பூப்பந்துப் போட்டி நடத்திவந்தது. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்தவெளி. நாலடி பத்து அங்குலத்துக்குள் இருப்பவர்கள்தான் ஆடலாம். கழகத்தார் அதற்கு ஒரு கண்ணியமான பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதைக் குள்ளக் கோப்பை என்றது.

அந்தக் குள்ளக் கோப்பைக்காக மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்? வருடம் முழுக்கப் பிள்ளையைக் கம்பியில் தொங்கவிட்டு, "வளருடா, வளருடா" என்று கெஞ்சும் அப்பாக்கள், புரட்டாசி பிறந்ததும் அவனை அமுக்கத் தொடங்குவார்கள். ஒருவர் பால் நிறுத்திவிடுவார். இன்னொருவர் பையன் தலையில் அரிசி மூட்டையை வைத்து மொட்டைமாடி ஏறி இறங்கச் சொல்லுவார். மனிதன் காலையில் எழும்போது சற்று உயரமாகவும், நின்று நடந்து ஓய்ந்த மாலையில் சற்றுக் குட்டையாகவும் இருப்பான் என்பதை எங்கள் கல்லூரியில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்கள். மயிலாப்பூர் அப்பாக்களில் பாதிப் பேர் அதைப் பாடமே இல்லாமல் தெரிந்துவைத்திருந்தார்கள். அடையாறிலிருந்து ஒரு தகப்பனார் பஸ்ஸில் காலியான இருக்கை இருந்தும் பையனை உட்கார விடவில்லை. கண்டக்டர் உட்காரச் சொன்னதற்கு, "அவன் நிக்கணும். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாராம்.

அளவெடுக்கும் நாளன்று மதியம் மைதானத்தில் வரிசை நிற்கும். சென்னையில் நான் பார்த்த வரிசைகளிலேயே மரியாதையான வரிசை அதுதான். ரேஷன் கடையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் அதே மனிதர்கள், இங்கே வழிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"நீங்க முன்னால போங்கோ."

"ஐயோ, நீங்க பெரியவா. நீங்க போங்கோ."

"நாங்க இப்பத்தான் வந்தோம் சார். அவர் ரொம்ப நேரமா காத்திண்டிருக்கார், பாவம். அவர் போகட்டும்."

கடைசியில் நிற்பவனுக்குத்தான் அதிக நேரம் நின்ற பலன். வரிசை முன்னால் நகரவே நகராது, பின்பக்கமாக வளர்ந்துகொண்டே போய்ச் சாலையைத் தொடும். நிற்கும் பையன்களின் தோள்மேல் தம்பி தங்கைகள் உட்கார்ந்திருப்பார்கள். பாரம் வேண்டுமே. அந்தக் குழந்தைகளுக்கு ஒரே குஷி. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழாக் கூட்டம் போலத் தெரியும்.

அளவெடுப்பதற்கென்று ஞானமுத்து சார் ஒரு முறை வைத்திருந்தார். தேக்கில் ஒரு நிற்கும் கோல், அதில் மேலும் கீழும் நகரும் குறுக்குக்கட்டை. பையன் செருப்பில்லாமல் ஏற வேண்டும். டிரவுசரை நன்றாகச் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலை உள்ளே மடக்கிக்கொள்வான். குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் கோலைத் தொட வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. "உன் பேர், அப்பா பேர், பள்ளிக்கூடத்துப் பேர் எல்லாத்தையும் அந்தக் கடைசி மரத்துக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்பார் சார். தன் பெயரை உரக்கச் சொல்லும்போது எந்தப் பையனும் கூன் போட முடியாது. நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். கடைசி எழுத்து வாயைவிட்டுப் போகும்போது கட்டையை இறக்க வேண்டும். இறக்கியதும் திருகை முடுக்க வேண்டும். முடுக்கியபின் அப்பா யார் என்று பார்க்கக் கூடாது.

இதை நான் சாரைவிடக் கண்டிப்பாகச் செய்தேன். எங்கள் பள்ளிப் பையன்களையே முன்பு இரண்டு முறை விலக்கியிருக்கிறேன். அந்தப் பெயரால்தான் கழகத்தார் அளவுகோலை என்னிடமே கொடுத்தார்கள். என் மகன் ஆட்டத்தில் இல்லை, வெளியே உட்காரும் பையன்தான் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ரவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பூப்பந்தில் விருப்பம் இல்லை. எனக்கு இருந்தது. தினமும் விடியற்காலையில் அவனைச் சாந்தோம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவேன். நான் அடிக்கும் பந்துக்கு அவன் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான். வலையைக் கழற்றிச் சுருக்கமில்லாமல் மடிப்பதில் மட்டும் அவனுக்கு நிகர் கிடையாது. மடித்து முடித்து, கொஞ்சம் தள்ளி நின்று அழகு பார்ப்பான். என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "அவனை ஆட வைக்கறதுக்கு என்னை ஆட வச்சாக்கூட ஒரு கப்பு வாங்கியிருப்பீங்க."

சண்முகம் நேர் எதிர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அருணாசலத்தின் மகன். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். பந்து எங்கே வரப்போகிறது என்பது பந்துக்கே தெரிவதற்கு முன் இவனுக்குத் தெரிந்துவிடும். அந்த வருடம்தான் அவன் நாலடி பத்துக்குள் இருக்கப்போகும் கடைசி வருடம். அருணாசலத்துக்கு அது தெரியும். ஒரு மாதமாகப் பையன் தலையில் துணிப் பொதிகளை ஏற்றிக் கடைக்கும் கிடங்குக்கும் நடக்கவிட்டார். அதுவும் போதாதென்று திருச்செந்தூருக்கு அழைத்துப் போய் மொட்டை போட்டுக் கொண்டுவந்தார். முருகனுக்கும் ஆயிற்று, முடியின் கனமும் குறைந்தாயிற்று.

அந்த வருடம் அளவெடுத்த அன்று சாயங்காலம் வரிசையில் ஒரு வக்கீலும் நின்றார். தியாகராய நகர்ப் பள்ளி ஒன்றின் அணியில் அவர் மகன் ஆடினான். அவர் சட்டப் பாயிண்ட்டோடு வந்திருந்தார்.

"சார், ரூல்ல 'பிளேயர்' உயரம்னுதான் போட்டிருக்கு. தலைமயிர் பிளேயராகுமோ? அது பந்தை அடிக்கறதா, ஓடறதா? முடியைக் கழிச்சிண்டுதான் அளக்கணும்."

நான் பதில் சொல்வதற்குள் அவர் கண் ரவிமேல் விழுந்தது.

"இது உங்க பிள்ளையோன்னோ? ஆடறானா?"

"ஆறாவது ஆள் சார்."

"ஆறாவதா!" வக்கீல் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "டிரில் மாஸ்டர் பிள்ளை உக்காந்துண்டு வேடிக்கை பாக்கறான், வக்கீல் பிள்ளை ஆடறான். நன்னாருக்கு சார் காலம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரவியும் சிரித்தான். அதுதான் எனக்கு வலித்தது.

"நியாயமான பேச்சு சார்" என்று ஞானமுத்து சார் வந்து வக்கீலின் தோளைத் தொட்டார். "வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்." இருவரும் மைதானத்தின் மறுகோடிக்குப் போனார்கள்.

அடுத்து வந்தது பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகனைக் கோலில் ஏற்றினார். வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஊர்ல கீற அப்பன் ஆத்தால்லாம் புள்ளைய வளத்துக்கினு இருப்பாங்க. இங்க எல்லாம் அமுக்கிக்கினு கீறாங்க?"

"போட்டி அப்படிம்மா."

"என் புள்ளைய குள்ளன் குள்ளன்னு கூப்புட்றானுங்க சார். நீ கொஞ்சம் ஏத்திப் போடு. நெட்டையா போட்டுட்டின்னா இன்னா கெட்டுப்போவுது?"

"ஏத்தவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன்மா" என்றேன். கூட்டம் அதைக் கேட்டுத் தலையசைத்தது. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

அடுத்த ஆள் சண்முகம். பின்னால் ரவி நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

சண்முகம் ஏறினான். சந்தனம் காய்ந்த மொட்டைத் தலை. குதிகால், பிட்டம், தோள்பட்டை எல்லாம் சொல்லாமலே கோலைத் தொட்டன. தன் பெயரையும் அப்பா பெயரையும் பள்ளியின் பெயரையும் மரத்துக்குக் கேட்கும்படி சொன்னான். கட்டையை இறக்கினேன். நாலடி ஒன்பதே முக்கால். கண்ணால் பார்த்தேன். ஒரு கால் அங்குலம் மிச்சம். திருகை முடுக்க வேண்டியதுதான். முடுக்கவில்லை. கட்டையைச் சற்றுத் தூக்கி, சரிபார்ப்பதுபோலத் திரும்ப இறக்கினேன். இந்த முறை என் கட்டைவிரல் அடியில் இருந்தது.

முடி இருந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது. மொட்டைத் தலையில் விரல் பட்டது. அவன் கண்களை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தான். நான் அளவைப் பார்த்தேன்.

"நாலடி பத்தேகால்" என்று உரக்கச் சொன்னேன்.

ஒரு அளவுக்காரன் தன் பள்ளிப் பையனையே உயரமாக்குவான் என்று யார் சந்தேகப்படுவார்கள்? எல்லோரும் பையன்களைக் குட்டையாக்கும் ஊரில் என் திருட்டுக்கு ஒரு பெயரே கிடையாது. கூட்டத்தில் யாரோ, "சொந்த ஸ்கூல் பையனையே விலக்கிட்டார் பாரு! மனுஷன்னா இவர்தான்" என்றார். அருணாசலம் மேல்முறையீடு கூடச் செய்யவில்லை. நம்ம சாரே சொல்லிவிட்டார் என்று நம்பினார். வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"முருகா, முடியத்தானே குடுத்தேன். வாங்கிக்கிட்டு, உசரத்தக் குடுத்திட்டியே!"

மறுநாள் ஆட்டம். எதிரே வக்கீல் மகனின் அணி. ரவியை நோக்கி வந்த முதல் பந்துக்கு அவன் கடற்கரையில் செய்ததைப் போலவே ஒதுங்கி வழிவிட்டான். எதிரணி இரண்டே பந்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டது. பிறகு எல்லாப் பந்தும் ரவிக்குத்தான். நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினேன். "முன்னால போ! கையை நீட்டு! மணிக்கட்டு, மணிக்கட்டு!" என் தொண்டை கட்டிவிட்டது. மறுபக்கத்தில் வக்கீலும் கத்தினார். "அந்தப் பையன்கிட்டயே அடி! டிரில் மாஸ்டர் பிள்ளைகிட்டயே அடி!" சட்டம் படித்தவர், குடையை வாள்போலச் சுழற்றிக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்றதுகூடத் தெரியாமல் கோட்டோரம் ஓடினார். நான் என் பக்கத்தில் ஓடினேன். பையன்கள் பத்துப் பேரும் எங்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் சண்முகம் நின்றுகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் துண்டு. வெளியே போகும் பந்துகளை எடுத்துத் தர வந்திருந்தான். ரவியை நோக்கிப் பந்து வரும்போதெல்லாம் அவனுடைய வெறுங்கை தானாக மேலே போயிற்று. மட்டையில்லாத கை. ஒவ்வொரு பந்துக்கும் அது சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போயிற்று. அதைப் பார்த்தபின் என்னால் கத்த முடியவில்லை.

தோற்றோம். ரவி வியர்க்காமல் வெளியே வந்தான். வலையைக் கழற்றப் போனவன் திரும்பி, "சண்முகம் இருந்தா ஜெயிச்சிருப்போம், இல்லப்பா?" என்றான். அவனுக்கு எந்த உள்ளர்த்தமும் தெரியாது.

அடுத்த நாள் ஞானமுத்து சாரிடம் போய் நின்றேன். "சார், ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்."

என்னை அவர் அப்படி நடக்கக் கூப்பிட்டதே இல்லை. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நடந்தார். அடுத்த சுற்றும் நடந்தார். எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, கேட்கத் துணிவில்லை.

"கப்பு போனது போச்சு" என்றார் கடைசியில். "அதை விடுங்க. பையன் எங்க?"

"பிராக்டீஸுக்கு வரல சார். கடையில உக்கார வச்சிட்டாங்களாம். வளர்ந்துட்டான், இனிமே பெரிய பசங்களோட ஆடி என்ன ஆகப்போகுதுன்னு அப்பா சொல்லிட்டாராம்."

"அப்ப நீங்க எடுத்தது அவன் கப்பை மட்டும் இல்ல." கையை நீட்டினார். "விசிலைக் குடுங்க. பையன் மைதானத்துக்கு வர்ற அன்னைக்கு வாங்கிக்கலாம். அளவுகோலை இனிமே தொட வேண்டாம்."

விசில் இல்லாத டிரில் மாஸ்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வகுப்பை நிறுத்தக் கைதட்டினேன். பையன்கள் ஏதோ பாராட்டு என்று நினைத்து அவர்களும் கைதட்டினார்கள்.

பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்தது அருணாசலத்தின் கடை. தீபாவளிக் கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே போய்விட்டேன். சண்முகம் கல்லாவுக்குப் பின்னால், வாடிக்கையாளர் பிரித்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளை மடித்துக்கொண்டிருந்தான். அருணாசலம் எழுந்து வந்து கும்பிட்டார். காப்பிக்குச் சொன்னார். நான் காப்பி வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஏன் சார் பொய் சொல்லுதிய?"

"பொய் இல்லைங்க. அன்னைக்குச் சொன்னதுதான் பொய். நான் விரலை வச்சேன்."

"பெரிய மனுசன் சார் நீங்க. பிள்ள மனசு ஒடஞ்சிருக்குமேன்னு பழிய உங்க தலையில போட்டுக்கிடுதிய." கடைத் தையற்காரரைக் கூப்பிட்டார். "நாடாவ எடுத்துட்டு வாரும். எல, சம்முகம், தூணோட ஒட்டி நில்லு."

அளந்தார்கள். நாலடி பத்தேகால். நூல் பிசகவில்லை.

"பாத்தியளா!"

காலை நேரம். பையன் இரவெல்லாம் நீட்டிப் படுத்துத் தூங்கி எழுந்து வந்திருக்கிறான். என் பொய் காலை வெளிச்சத்தில் உண்மையாகி நின்றது. "காலையில எல்லாருமே கொஞ்சம் உயரமா இருப்பாங்க. சாயங்காலம் குறையும்" என்று முதுகெலும்பைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"துணியா சார் இவன், சாயங்காலம் சுருங்கதுக்கு? நானும் இருபது வருசமா அளந்துக்கிட்டு இருக்கேன். காலையில ஒரு கஜம், சாயங்காலம் ஒரு கஜம்னு வித்தா எவன் வாங்குவான்?"

தலையில் பாரம் ஏற்றினால் பையன் குறுகுவான் என்று நம்பியவர், பொழுது சாய்ந்தால் குறுகுவான் என்பதை நம்பவில்லை. வேறு வழியில்லாமல் பையனிடமே திரும்பினேன். "சண்முகம், நீ சொல்லு. அன்னைக்கு என் விரல் உன் தலையில பட்டுதா இல்லையா?"

அவன் சேலையைக் கீழே வைத்தான். அப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பட்டுது சார்."

"பெறகு ஏம்ல அன்னைக்கே சொல்லல?" என்றார் அருணாசலம்.

"சார்தானப்பா அளக்காங்க."

அருணாசலம் மகிழ்ந்துபோனார். "பாருங்க சார், உங்க பேச்சுக்கு மறுபேச்சுப் பேசமாட்டான். நீங்க பட்டுதான்னு கேட்டா, பட்டுதும்பான். நல்லா வளத்திருக்கிய."

ஒரு மனிதன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. காப்பி வந்தது. குடித்தேன். மன்னிப்பை விட்டுவிட்டுப் பையனைக் கேட்டேன். சாயங்காலம் மட்டும் மைதானத்துக்கு அனுப்புங்கள், பெரிய பையன்கள் அணிக்கு நானே தயார் செய்கிறேன் என்றேன்.

"ஆள் வேணும்லா சார்? தீவாளி. பிரிச்சுப் போடுத சேலையெல்லாம் யாரு மடிக்கது? இவன் வந்தா, இவன் எடத்துக்கு ஒரு ஆளத் தாங்க."

"என் பையன் மடிப்பான்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சண்முகம் மைதானத்துக்கு வந்தான், ரவி கடைக்குப் போனான். ஞானமுத்து சார் விசிலை என் கையில் வைத்தார். ரவி அன்று வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தில் நான் ஒரு நாளும் பார்க்காத வெளிச்சம். "அப்பா, பட்டுச் சேலைய எப்படி மடிக்கணும் தெரியுமா? முந்தி மேல தெரியணும். சரிகை உள்ள போயிடக் கூடாது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து துண்டை வைத்துச் செய்து காட்டினான். தீபாவளி முடிந்தும் அவன் போவதை நிறுத்தவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் ஜவுளிக்குத்தான் போனான். அதற்காக என் மனைவி இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. ரவி பலமுறை நன்றி சொல்லியிருக்கிறான். இரண்டையும் எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ராயப்பேட்டையில் பெரிய பையன்கள் போட்டி. அருணாசலம் மதியத்தோடு கடையை அடைத்துவிட்டு, தையற்காரர், விற்பனைப் பையன்கள், ரவி என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரணிப் பையன்களுக்கு மீசை இருந்தது. ஒருவன் சைக்கிளில் தன் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் நடுவில் சண்முகம் நின்றபோது, யாரோ வீட்டுக் குழந்தை கோட்டுக்குள் ஓடிவிட்டதுபோல இருந்தது.

அருணாசலம் முதலில், "அடில! விடாத, அடில!" என்று எழுந்து எழுந்து கத்தினார். சண்முகம் அடித்தான். யாரும் எடுக்க முடியாது என்று நினைத்த பந்தையெல்லாம் எடுத்தான். ஆனால் அவன் தலைக்கு மேலே போகும் பந்தை அவனால் என்ன செய்ய முடியும்? குதித்தான், எட்டவில்லை. மீண்டும் குதித்தான். அருணாசலத்தின் குரல் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. வெகுநேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்."

"சொல்லுங்க."

"அன்னைக்குக் கடைக்கு வந்து சொன்னியளே. விரல வச்சேன்னு."

"ஆமாம்."

"நெசந்தானா?"

"நிஜந்தான்."

கோட்டுக்குள் இன்னொரு பந்து சண்முகத்தின் தலைக்கு மேல் போயிற்று.

"அப்ப இவன் அந்தச் சின்னப் பயலுவகூடல்லா ஆடியிருக்கணும்?" மெதுவாகத்தான் சொன்னார். பிறகு எழுந்து நின்றார். "வாத்தியாராய்யா நீரு? ஏம் பிள்ள அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாம மூலையில உக்காந்து கெடந்தான். வளந்ததுக்கு எவனாவது அழுவானான்னு நாங் கேட்டேன்யா. சந்தோசப்படுலன்னு லட்டு வாங்கி அவன் வாயில திணிச்சேன். அவன் அழுதுக்கிட்டே தின்னான்யா!"

கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. ரவியும் பார்த்தான். அருணாசலம் தன் ஊர்த் தமிழில் எனக்குத் தெரிந்த வசவுகளையும் தெரியாதவற்றையும் எடுத்து வீசினார். நான் எழுந்து, தலை குனிந்து, ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டேன். பாதியில் நிறுத்திவிடப் போகிறாரே என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சண்முகம் தோற்று, வியர்வை சொட்ட, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களிடம் வந்தான். அப்பா என்னைத் திட்டுவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். மூச்சு வாங்க அவர் நிறுத்திய இடத்தில் கேட்டான்:

"சார், நாளைக்கு பிராக்டீஸ் உண்டா?"

நான் தலையை நிமிர்த்தினேன்.

"உண்டு!" என்றார் அருணாசலம், கோபம் குறையாமல். "காலையிலயும் உண்டு, சாயங்காலமும் உண்டு. இந்த ஆளு வராம எங்க போயிருவாரு?"

மறுநாள் எனக்கு முன்பே அவர் மைதானத்துக்கு வந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சண்முகம் பள்ளியை முடிக்கும்வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவனை முன்னால் நிறுத்தினால், "பின்னால நிறுத்தும்யா" என்பார். பின்னால் நிறுத்தினால், "எம் பிள்ளைய ஒளிச்சா வைக்கீரு?" என்பார். சண்முகம் கல்லூரிக்கும் ஆடினான், வேலைக்குப் போன இடத்திலும் ஆடினான். அந்த ஒரு கோப்பையை மட்டும் அவனுக்குக் கொடுக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அது அந்த ஒரு வருடத்துக்கு உரியது.

அருணாசலம் அதன் பிறகு என்னை ஒருபோதும் சார் என்று கூப்பிட்டதில்லை. ரவியின் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்க்க, தன் பக்கத்து இலையைக் கையால் மறித்து வைத்துக்கொண்டு, "யோவ் வாத்தியாரே, எங்க நிக்கீரு? இங்க வந்து உக்காரும்" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன்.